பாக்கெட் இல்லாத பலசரக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "மாசச் சாமானை பாக்கெட் இல்லாம, நம்ம பை, நம்ம டப்பாவுல வாங்கிப் பாருங்க, காசும் நிக்கும் குப்பையும் குறையும்"னு ரெண்டே வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு இம்புட்டு கேள்வி வரும்னு நெனைக்கல. ஒரே மாதிரி கேள்வியை எல்லாம் சேர்த்து எடுத்திருக்கேன். பேரு போட வேணாம்னு நிறைய பேரு கேட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கு.

வில்லாபுரம் வாசகி:
பெரிய ஊருகள்ல டப்பா கொண்டு போயி ரீஃபில் பண்ணிக்கிற கடை இருக்குன்னு வீடியோல பார்க்கிறேன்க்கா. கண்ணாடி ஜாடி, மரக்கரண்டின்னு பார்க்க நல்லா இருக்கு, ஆனா விலையைக் கேட்டா கட்டுபடியாகாது போல. மதுரையில நமக்கு ஏத்த மாதிரி எங்க போறது? நெசமாவே காசு மிச்சமாகுமா?

தங்கச்சி, கீழமாசி வீதிக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. மூட்டை வாயைத் திறந்து வச்சு, அட்டையில விலை எழுதி சொருகி, துவரை உளுந்து கடலை மிளகாய் மல்லி புளி வெல்லம்னு வரிசையா வச்சிருப்பாங்க பாருங்க, அதுதான் ரீஃபில் கடை. நம்ம ஊருல அது மூடவே இல்ல, நாமதான் நடுவுல சூப்பர் மார்க்கெட் பக்கம் திரும்பிட்டோம். வெங்காயம்னா கீழமாரட் வீதி. அம்புட்டு தூரம் போக முடியலைன்னா உங்க தெரு முக்குல இருக்கிற அண்ணாச்சி கடையிலயே பருப்பும் சீனியும் லூஸ்லதான் இருக்கும், கேட்டா உங்க பையில போட்டுத் தருவாரு, நாம கேக்காததாலதான் அவரும் முன்கூட்டியே கவர்ல கட்டி தொங்கவிட்டிருக்காரு.

இப்ப காசு விஷயம். லூஸ்ல வாங்கினா எல்லாமே மலிவுன்னு கண்ணை மூடிட்டு நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் கிலோவுக்கு என்ன விலைன்னு கணக்குப் போடணும், அது ஒண்ணுதான் வழி. உதாரணத்துக்கு 50 கிராம் சோம்பு பாக்கெட் 20 ரூபான்னா கிலோ 400 ரூபா ஆகுது, அதே சோம்பு மூட்டையில கிலோ என்னன்னு கேளுங்க, வித்தியாசம் கையில தெரியும். சீரகம், மிளகு, கசகசா, பட்டை, ஏலக்கா இதுலதான் வித்தியாசம் ரொம்ப இருக்கும், ஏன்னா சின்ன பாக்கெட்ல சரக்கை விட கவருக்கும் கட்டுற கூலிக்கும் பேருக்கும் நாம கொடுக்கிறது அதிகம். இப்ப பாக்கெட் மேலயே எம்ஆர்பி பக்கத்துல ஒரு கிராமுக்கு இவ்வளவுன்னு யூனிட் விலை போடணும்னு விதி வந்திருச்சு, சின்ன எழுத்துல இருக்கும், கண்ணாடி போட்டாவது பாருங்க, அதை ஆயிரத்தால பெருக்கினா கிலோ விலை.

இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. 2022 ஜூலை 18-ல இருந்து, 25 கிலோ வரைக்கும் பாக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, மாவுக்கு அஞ்சு சதவீதம் ஜிஎஸ்டி. பெரிய மூட்டையைப் பிரிச்சு கடைக்காரர் லூஸ்ல நிறுத்துக் கொடுத்தா அந்த வரி இல்ல. அரிசிக்கடையில 25 கிலோ சிப்பம் போயி 26 கிலோ சிப்பம் வந்தது எதுக்குன்னு யோசிச்சிருப்பீங்க, இதுக்குத்தான்.

ஆனா எங்க காசு போகும்னும் சொல்லிடுறேன். மொத்தக் கடைக்குப் போனா கை நிக்காது, விலை கம்மியா இருக்கேன்னு ரெண்டு கிலோ வாங்க வேண்டிய இடத்துல அஞ்சு கிலோ வாங்கிட்டு வருவோம், அது வண்டு வச்சு குப்பைக்குப் போகும், அப்ப மிச்சமும் இல்ல குப்பையும் குறையல. திருமங்கலத்துல இருந்து ரெண்டு கிலோ பருப்புக்காக பெட்ரோல் போட்டு கீழமாசி வீதிக்கு வர்றதும் நஷ்டம்தான். சில மாவு, சோப்புத்தூள் எல்லாம் சூப்பர் மார்க்கெட் ஆஃபர்ல லூஸை விட மலிவாவும் கிடைக்கும், அதையும் ஒளிக்காம சொல்லணும். அதனால வீட்டுல சிட்டை எழுதி, போன மாசம் எவ்வளவு மிஞ்சுச்சுன்னு டப்பாவைத் திறந்து பார்த்து, அதைக் கழிச்சுட்டு எழுதுங்க. நான் பார்த்த வரைக்கும் லூஸ் விலையில மிஞ்சுறதை விட இந்த டப்பா பார்க்கிற பழக்கத்துலதான் அதிகம் மிஞ்சுது.

அப்புறம் தயவு செஞ்சு இதுக்குன்னு புதுசா கண்ணாடி ஜாடி செட் வாங்காதீங்க. வீட்டுல இருக்கிற எவர்சில்வர் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகா பாட்டில் போதும்.

மேலூர் வாசகர்:
டப்பா கொண்டு போனா கடையில மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. டப்பா எடையையும் சேர்த்து நிறுத்துட்டாங்களோன்னும் சந்தேகமா இருக்கு. எப்படி சமாளிக்கிறது?

அண்ணே, மூஞ்சி சுளிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் நேரம்தான். சம்பளம் வந்த முதல் வாரம் சாயங்காலம், கடையில கூட்டம் நெருக்கும்போது பத்து டப்பாவை எடுத்து வச்சா யாருக்குமே எரிச்சல் வரும். காலையில கடை திறந்து கொஞ்ச நேரத்துல போங்க, இல்ல மத்தியானம் சாப்பாட்டுக்குப் பெறகு போங்க. சிட்டையை முதல்ல கொடுத்திருங்க, எந்த டப்பாவுல எதுன்னு பேப்பர் ஒட்டி வச்சிருந்தா அவரு பாட்டுக்கு போட்டுட்டே போவாரு. ரெண்டு மாசம் பழகிட்டா "டப்பாக்காரர் வந்துட்டாரு"ன்னு அவங்களே எடுத்து வைப்பாங்க.

எடைக்கு வழி சுலபம். எலக்ட்ரானிக் தராசுல டேர்னு ஒரு பட்டன் இருக்கும், காலி டப்பாவை வச்சு அதை அமுத்தினா பழையபடி ஜீரோ காட்டும், அதுக்கு அப்புறம் போடுறது மட்டும்தான் சரக்கு எடை. "காலி டப்பாவை வச்சு ஜீரோ பண்ணிக்கோங்கண்ணே"ன்னு வாய் விட்டுக் கேளுங்க, சங்கடப்படாதீங்க. மூடியைக் கழட்டி வச்சா மூடி இல்லாமலே நிறுக்கணும், மூடியோட ஜீரோ பண்ணினா மூடியோட நிறுக்கணும், இங்கதான் நிறைய குழப்பம் வருது. வீட்டுலயே ஒவ்வொரு டப்பா எடையையும் அடியில மார்க்கர்ல எழுதி வச்சுட்டா இன்னும் நல்லது. தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், அந்த முத்திரைச் சான்றிதழ் கடையில கண்ணுல படுற மாதிரி இருக்கணும், நம்ம மாநிலத்துல இது தொழிலாளர் துறை பார்க்கிற வேலை, எடையில நெசமாவே தப்பு நடந்தா அங்கதான் புகார் கொடுக்கணும்.

என்னைக் கேட்டா டப்பாவை விட துணிப்பைதான் தோது. அரிசி பருப்பு உளுந்து சீனி மிளகாய் மல்லி எல்லாத்துக்கும் சின்னச் சின்ன துணிப்பை, வாயில நாடா, அம்புட்டுதான். பழைய வேட்டி, லுங்கி, சுடிதார் ஷால் எதுவா இருந்தாலும் தெருவுல இருக்கிற தையல்காரர்கிட்ட கொடுத்தா தச்சுத் தருவாரு. பஸ்ல கொண்டு வரவும் கனம் இல்ல, எடையிலயும் பெருசா ஏறாது. வெல்லம், புளி மாதிரி ஒட்டுற சாமானுக்கு மட்டும் டப்பா.

சமயநல்லூர் வாசகி:
நாங்க கட்டட வேலைக்குப் போறவங்க. மாசச் சாமான் மொத்தமா வாங்க ஒரே நேரத்துல காசு கிடையாதும்மா. அன்னைக்கு கூலியில அன்னைக்கு பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய்க்கு தூள்னு வாங்குறோம். நீங்க சொல்றதெல்லாம் சம்பளக்காரங்களுக்குத்தானா?

இந்தக் கடிதத்தைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். இல்லம்மா, இது முதல்ல உங்களுக்குத்தான். சிக்கனம்னு பேசுறவங்க எல்லாரும் மொத்தமா வாங்கு, மொத்தமா வாங்குன்னே சொல்றாங்க, கையில காசு இருக்கிறவங்களாலதான் அது முடியும். சின்ன பாக்கெட் விக்கிறதே அன்னாடங்காய்ச்சிகளை வச்சுத்தான், கிலோ கணக்குப் போட்டா பல சாமான்ல உங்ககிட்டதான் கூடுதல் விலை வாங்குறாங்க. அது நியாயமே இல்ல.

லூஸ் கடையில இருக்கிற நல்லது என்னன்னா, நூறு கிராம் வாங்கினாலும் கிலோ விலையில பத்துல ஒரு பங்குதான் கேக்க முடியும். அதனால "பத்து ரூபாய்க்கு பருப்பு கொடுங்க"ன்னு கேக்காம "கிலோ என்ன விலை, நூறு கிராம் கொடுங்க"ன்னு எடை சொல்லிக் கேளுங்க. ரூபா சொல்லி வாங்கும்போதுதான் எடை எவ்வளவுன்னு நாம பார்க்கிறதில்ல. ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, அதை எந்த மாசமும் விடாதீங்க, முதல்ல தீர்ந்து போச்சுன்னு சொன்னாலும் தேதி கேட்டு வச்சு திரும்பப் போங்க. யோசிச்சுப் பார்த்தா ரேஷன் கடைக்கு நாம எல்லாரும் சொந்தப் பையோடதான் போறோம், அரிசிக்கு ஒண்ணு சீனிக்கு ஒண்ணுன்னு. அதே பையை அண்ணாச்சி கடைக்கும் எடுத்துட்டுப் போனா போதும்.

அக்கம் பக்கத்துல நாலு வீடு சேர்ந்து ஒரு சிப்பம் அரிசியோ, ரெண்டு கிலோ மிளகாயோ வாங்கிப் பிரிச்சுக்கலாம். மகளிர் குழுவுல இருந்தீங்கன்னா அங்கயே பேசலாம், பணம் சேர்க்கிற பழக்கம் ஏற்கனவே இருக்கிறதால சண்டை வராது, நிறுத்துப் பிரிக்கும்போது எல்லாரும் இருக்கணும், அது ஒண்ணை மட்டும் கண்டிப்பா வச்சுக்கோங்க.

ஷாம்பு மட்டும் விதிவிலக்கு. பல பிராண்டுல பெரிய பாட்டிலை விட சின்ன சாஷேதான் மில்லிக்கு மலிவா இருக்கு, கணக்குப் போட்டுப் பாருங்க. காசுக்காக அதை வாங்குறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். சீயக்காய் அரப்பு மில்லுல அரைச்சு வச்சுக்கிட்டா சாஷேவும் வேணாம் பாட்டிலும் வேணாம், தலைக்கு ஒத்துக்கிறவங்க செய்யலாம்.

உசிலம்பட்டி வாசகி:
லூஸ்ல வாங்கின பருப்புல ஒரே மாசத்துல வண்டு வந்துருதுக்கா, வீட்டுக்காரர் பாக்கெட்டே வாங்குன்னு சத்தம் போடுறாரு. எப்படி வைக்கிறது?

வண்டு நம்ம வீட்டுல உண்டாகுறதில்ல, பெரும்பாலும் முட்டை தானியத்தோடவே வந்திருக்கும், சூடும் ஈரமும் சேர்ந்ததும் பொரிச்சு வெளிய வரும், பாக்கெட் சரக்குலயும் வரத்தான் செய்யுது. அதனால வாங்கும்போதே ஒரு கை அள்ளிப் பாருங்க, பொடி பொடியா மாவு மாதிரி ஒட்டினாலோ பயறுல குண்டூசி ஓட்டை இருந்தாலோ அந்த மூட்டை வேணாம். புது மூட்டை பிரிக்கிற நாளைக் கேட்டு வச்சுக்கிறது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் தட்டுல பரப்பி வெயில்ல காய வைங்க, சித்திரை வைகாசி வெயிலா இருந்தா ஒரு பகல் போதும். முக்கியம் என்னன்னா சூடு நல்லா ஆறினப்புறம்தான் டப்பாவுல போடணும், சூட்டோட மூடினா உள்ள வேர்த்து அந்த ஈரத்துலயே கெட்டுப் போகும். துவரம்பருப்புல நாலு வரமிளகாய், அரிசியில வசம்புத் துண்டு இல்ல காஞ்ச வேப்பிலை, முழுப் பயறுக்கு விளக்கெண்ணெய் லேசா தடவுறது, நம்ம அம்மா ஆச்சி எல்லாம் செஞ்சதுதான். ரவையை வறுத்து வச்சிருங்க. ஃபிரிட்ஜ் இருக்கிறவங்க ரவை, கடலை மாவு மாதிரி கொஞ்சமா இருக்கிறதை ஃப்ரீசர்ல மூணு நாலு நாள் வச்சு எடுத்தா முட்டை செத்துரும், வெளிய எடுத்து குளிர்ச்சி விட்டப்புறம் திறங்க.

போரிக் பவுடர் போடுறோம்னு ரெண்டு பேரு எழுதியிருக்கீங்க. வேணவே வேணாம், அது சாப்பிடுற பொருள்ல சேரக்கூடாத மருந்து, எத்தனை தடவை கழுவினாலும் மனசு ஒப்பாது.

டப்பாவுல பழசு கிடக்கும்போது புதுசை மேல கொட்டாதீங்க. பழசை வேற பாத்திரத்துல மாத்தி, டப்பாவைக் கழுவி காய வச்சு, புதுசைப் போட்டு, பழசை முதல்ல சமைச்சு முடிங்க. ஐப்பசி கார்த்திகை மழையில ஒரு மாசத்துக்கு மேல எதையும் வாங்கி வைக்காதீங்க. வெளைஞ்ச வீட்டுல வருஷத்துக்கு எடுத்து வைக்கலாம், அங்க குதிர் இருக்கும், காய வைக்க களம் இருக்கும், நம்ம வாடகை வீட்டு சமையல்கட்டுல முடியாது.

அலங்காநல்லூர் வாசகர்:
எண்ணெய், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எல்லாம் லூஸ்ல வாங்கலாமா?

இங்க மட்டும் நான் கொஞ்சம் பின்வாங்குவேன். மசாலாத்தூளை பாக் பண்ணித்தான் விக்கணும்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு, சமையல் எண்ணெய்க்கும் அதேதான், எண்ணெயில மாநில அரசு விரும்பினா விலக்கு தரலாம். கலப்படத்துக்கு பயந்துதான் அந்த விதி. தூளா ஆயிட்டா உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அதனால வரமிளகாய், மல்லி, விரலி மஞ்சளை முழுசா லூஸ்ல வாங்கி, காய வச்சு, மாவு மில்லுல கொடுத்து அரைச்சுக்கோங்க. அரைச்சது சூடா இருக்கும், பேப்பர் மேல கொட்டாம அகலமான தட்டுல பரப்பி ஆற விட்டு டப்பாவுல அடைங்க. பேப்பர்னு சொன்னதும் ஞாபகம் வருது, பிளாஸ்டிக் வேணாம்னு பழைய நியூஸ்பேப்பர்ல பொட்டலம் கட்டி வாங்குறதும் சரியில்ல, அச்சு மை சாப்பாட்டுல ஒட்டும், வடை பஜ்ஜி மாதிரி எண்ணெய்ப் பண்டத்துல இன்னும் மோசம்.

எண்ணெய்க்கு, கடலையோ எள்ளோ வாங்கிக் கொடுத்து செக்குல கூலிக்கு ஆட்டிக்கிறது நல்ல வழி. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு சுமாரா ரெண்டரை கிலோ பருப்பு பிடிக்கும், புண்ணாக்கும் நமக்கே, மாடு இருக்கிறவங்களுக்கு அது தனி லாபம். ஆனா கடை ரீஃபைண்ட் எண்ணெயை விட இது மலிவா வராது, அதை எதிர்பார்க்காதீங்க. விலையை ஒப்பிடும்போது ஒண்ணு பாருங்க, சில இடத்துல கிலோவுக்கு சொல்லுவாங்க சில இடத்துல லிட்டருக்கு சொல்லுவாங்க, ஒரு லிட்டர் எண்ணெய் சுமாரா 910 கிராம்தான் இருக்கும், அதனால ரெண்டும் ஒரே விலைன்னா கிலோ கணக்குல வாங்குறதுதான் நமக்கு லாபம். தூக்கு சொட்டு ஈரம் இல்லாம காஞ்சிருக்கணும், அடியில பழைய எண்ணெய் கிடந்தா அதுமேல ஊத்தாதீங்க, காறல் வாடை புதுசுக்கும் ஏறிரும்.

திருநகர் வாசகி:
வீட்டு வாசல்ல பினாயில், ஆசிட் ரீஃபில் பண்ணித் தர்றாங்க. தண்ணி பாட்டிலைக் கொடுத்தா அதுலயே ஊத்துறாங்க. அது நல்லதுதானே?

இல்லவே இல்ல. தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில்ல பினாயிலோ ஆசிட்டோ ஒரு நாளும் வாங்காதீங்க, பிள்ளைங்க தண்ணின்னு நெனைச்சு குடிச்சிரும், தொண்டை வெந்து போகும், பெரியவங்களே ராத்திரி தூக்கத்துல குடிச்சிருக்காங்க. ரீஃபில்னா பினாயில் வந்த அதே பாட்டில்ல மட்டும், லேபிளோட, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல.

பசுமலை, கல்லூரி மாணவி:
ஒரு வீட்டுல நாங்க நாலு கவரைக் குறைச்சா மதுரை குப்பை குறைஞ்சிருமா?

கேள்வியில இருக்கிற கோபம் புரியுது. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து ஒரு தடவை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்கு தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசே இயக்கம் ஆரம்பிச்சுச்சு, ஆனாலும் வைகைக் கரையிலயும் கிருதுமால் நதியிலயும் பந்தல்குடி வாய்க்கால்லயும் என்ன கிடக்குன்னு நீங்களே பார்க்கிறீங்க. மிச்சம் போறது வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்கு, அவனியாபுரம் பக்கம் குடியிருக்கிறவங்களைக் கேட்டா அந்தப் புகையையும் வாடையையும் சொல்லுவாங்க.

பிளாஸ்டிக்கை வச்சு ரோடு போடலாம்னு உலகத்துக்குக் காட்டினதே நம்ம தியாகராஜர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன் ஐயாதான், 2018-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. கவரைப் பொடியா நறுக்கி, சூடான ஜல்லி மேல தூவினா அது உருகி ஜல்லியில பூச்சா ஒட்டிக்கும், அதுமேல தாரைக் கலந்தா ரோடு தண்ணிக்கு தாங்கும். பெருமையான விஷயம்தான். ஆனா அதுக்கு கவரு காஞ்சதா, சுத்தமா, தனியா பிரிச்சு வந்து சேரணும். சாம்பாரும் சோறும் ஒட்டி வாய்க்கால்ல விழுந்த கவரை யாரு எடுத்துக் கழுவுறது? தூய்மைப் பணியாளர் அக்காங்கதான் கையால பிரிக்கிறாங்க. உங்க வீட்டுல குறையுற நாலு கவரு அவங்க கையில படாத நாலு கவரு, எனக்கு அந்தக் கணக்கே போதும். உங்களுக்கு அதுக்கு மேல வேணும்னா ஹாஸ்டல் மெஸ்ல போயி பேசுங்க, ஒரு மெஸ் மூட்டையில வாங்கி கேன்டீன்ல சாஷே விக்கிறதை நிறுத்தினா பல வீடு சேர்ந்து குறைக்கிறதை ஒரே இடத்துல குறைச்சிரலாம்.

செல்லூர் வாசகர்:
ராத்திரி பரோட்டா பார்சலுக்கு தூக்கு கொண்டு போனா சால்னா ஊத்தித் தருவாங்களா?

தாராளமா தருவாங்க, கவருக்கு கட்டுற அளவை விட ஒரு கரண்டி கூட விழவும் வாய்ப்பு இருக்கு. ஆர்டர் சொல்லும்போதே தூக்கை நீட்டிருங்க, கட்டி முடிச்சப்புறம் கேட்டா அந்தக் கவரு குப்பைக்குத்தான் போகும். கொதிக்கிற சால்னாவை கவர்ல வாங்கிக் குடிக்கிறது உடம்புக்கும் ஆகாது. பரோட்டாவை வாழையிலை வச்சு கட்டச் சொல்லுங்க. தூக்கு மூடி இறுக்கமா இருக்கணும், முக்கால் பாகத்துக்கு மேல ஊத்த விடாதீங்க, டூவீலர் ஹூக்குல மாட்டினா செல்லூர் ரோட்டு குலுக்கலுக்கு பாதி வழியிலயே சிந்திரும், பின்னாடி உக்காந்து வர்றவங்க கையில கொடுத்துருங்க.